ஓடாத முயல்

பக்ஸ் பன்னிங்கற கார்ட்டூன் முயலை உருவாக்கினது யாரு? போன மாசம் அக்கா பொண்ணு ஒரு க்விஸ் போட்டிக்கு தயார் பண்ணிட்டு இருந்தா, அவ கையில இருந்த மாதிரி வினாத்தாள்ல இந்தக் கேள்வி இருந்துச்சு. கீழ நாலு பேர்: வால்ட் டிஸ்னி, சக் ஜோன்ஸ், டெக்ஸ் ஏவரி, மெல் பிளாங்க். "மாமா, இதுல எது?"ன்னு கேட்டா. டிஸ்னி கிடையாதுன்னு சொன்னேன், அதுக்கு மேல மத்த மூணு பேரைப் பத்தி பேச ஆரம்பிச்சதும் அவ பொறுமை இல்லாம கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையப் பாத்துட்டா. சக் ஜோன்ஸ்னு போட்டிருந்தாங்க. அவ அதை டிக் அடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா, என்னால போக முடியல. ஜோன்ஸ் எனக்கு ரொம்பப் பிடிச்ச டைரக்டர், ஆனாலும் அந்த விடை நெஞ்சுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு.

இவரு இல்ல அவருன்னு பேரை மாத்திப் போட்டா மட்டும் சரியாயிடுமான்னா, அதுவும் ஆகாது. இந்த முயலோட பேரு ஒருத்தர்கிட்ட இருந்து வந்தது, உருவம் இன்னொருத்தர்கிட்ட இருந்து, குரல் வேற ஒருத்தர். அப்படின்னா "எல்லாரும் சேர்ந்து உருவாக்கினாங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லி முடிச்சிடலாமான்னா அதுலயும் எனக்கு சம்மதம் இல்ல. ஏன்னா 1938ல இருந்து 1940 வரைக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு கார்ட்டூன் எடுத்துக் கொடுத்த ஒரே ஸ்டுடியோவுல திரும்பத் திரும்ப ஒரு முயல் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணும் நிக்கல, திடீர்னு ஒரு படத்துல ஒரு நொடியில அது பக்ஸ் பன்னியா மாறிடுச்சு. அந்த நொடியில என்ன நடந்துச்சுங்கறதுதான் நான் பேச நினைக்கிற விஷயம்.

வாத்துக்கு முயல் வேஷம்

கதை ஆரம்பிக்கிறது முயல்ல இல்ல, வாத்துல. 1937ல டெக்ஸ் ஏவரி 'போர்க்கீஸ் டக் ஹண்ட்'னு ஒரு படம் எடுத்தார், போர்க்கி பிக்ங்கற பன்றி வாத்து வேட்டைக்குப் போவான், அங்க ஒரு கிறுக்கு வாத்து தண்ணி மேல குதியாட்டம் போட்டுக்கிட்டு கூச்சல் போட்டு அவனைப் படுத்தி எடுத்துடும். டாஃபி டக்கோட முதல் படம் அது. அந்த மாதிரி ஒரு வெறித்தனத்தை அதுவரைக்கும் ஜனங்க கார்ட்டூன்ல அதிகம் பாத்ததில்ல, நல்லா எடுபட்டுச்சு. சினிமா உலகம் எங்கயும் ஒரே மாதிரிதானே, ஒரு படம் ஓடுச்சுன்னா அதையே திருப்பி எடுப்பாங்க. அடுத்த வருஷம் 1938 ஏப்ரல்ல பென் ஹார்டவேயும் கால் டால்டனும் 'போர்க்கீஸ் ஹேர் ஹண்ட்' எடுத்தாங்க. அதே போர்க்கி, அதே வேட்டை, வாத்துக்குப் பதிலா ஒரு வெள்ளை முயல்.

அந்த முயலை இப்பப் பாத்தா பக்ஸ் பன்னின்னு யாருக்கும் தோணாது. குட்டியா, வெள்ளையா, உருண்டைத் தலையோட இருக்கும், ஒரு இடத்துல நிக்காது, தாவும், சுத்தும், காதை ஃபேன் மாதிரி சுத்தி பறக்கும். மெல் பிளாங்க்தான் குரல், ஆனா ஒரு பட்டிக்காட்டு இழுவைக் குரல், நடுநடுவுல ஒரு கிறுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டீங்கன்னா எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும், ஏன்னா அது பின்னாடி வுடி வுட்பெக்கருக்குப் போயிடுச்சு! ஹார்டவே 1940ல அந்த ஸ்டுடியோவ விட்டு வால்டர் லான்ட்ஸ்ங்கற இன்னொரு கார்ட்டூன் தயாரிப்பாளர்கிட்ட போனார், அங்க உருவானதுதான் மரங்கொத்தி வுடி, முதல் சில படங்களுக்கு குரல் கொடுத்ததும் இதே பிளாங்க்தான். அதாவது அந்த வெள்ளை முயலோட குணம் முழுசா ஒரு மரங்கொத்திக்குள்ள குடியேறிடுச்சுன்னு வச்சுக்கலாம்.

பேரு வந்த விதம் இன்னும் விசேஷம். 'பக்ஸ்'ங்கறது ஹார்டவேயோட பட்டப்பேரு, ஸ்டுடியோவுல எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாங்க. 1939ல 'ஹேர்-அம் ஸ்கேர்-அம்' படத்துக்காக அதே முயலை புதுசா வரைய சார்லி தோர்சன்கிட்ட சொன்னாங்க. தோர்சன் கனடாக்காரர், முன்னாடி டிஸ்னியில இருந்தவர், 1935ல ஆஸ்கர் வாங்கின ஆமை-முயல் பந்தயப் படத்துல வந்த மேக்ஸ் ஹேர்ங்கற முயலுக்கு உருவம் கொடுத்ததும் அவர்தான். அவர் மாடல் ஷீட்ல, அதாவது அனிமேட்டர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வரையறதுக்காக முன்பக்கம் பக்கவாட்டு பின்பக்கம்னு எல்லாக் கோணத்துலயும் வரைஞ்சு கொடுக்குற தாள்ல, மேல "பக்ஸோட முயல்"ங்கற அர்த்தத்துல Bugs' Bunnyன்னு எழுதி வச்சார். ஹார்டவே கேட்ட முயல், அவ்வளவுதான். ஒரு ஆபீஸ் ஃபைல்ல அடையாளத்துக்கு எழுதின குறிப்பு அது. அதுல Bugsக்குப் பின்னாடி இருந்த அந்தச் சின்னப் புள்ளி உதிர்ந்து போய் உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேரா ஆகிடுச்சு.

நடுவுல சக் ஜோன்ஸும் முயலை வச்சு முயற்சி பண்ணாரு. 1939ல ஒரு படம், அப்புறம் 1940 மார்ச்ல 'எல்மர்ஸ் கேண்டிட் கேமரா'. இதுல எல்மர் ஃபட், பின்னாடி பக்ஸை வேட்டையாட வர்ற அதே ஆளு, துப்பாக்கி இல்லாம கேமராவோட காட்டுக்குப் போவான், முயல் அவனைச் சீண்டும். அமைதியான ஆளை வம்புக்கு இழுக்குற முயல் மேல பாக்குறவனுக்கு எப்படிப் பிரியம் வரும்? எல்மர் பாவமாத்தான் தெரியறான். படமும் நத்தை வேகத்துல போகும். ஜோன்ஸே பின்னாள்ல அந்தப் படத்தைப் பத்தி ரொம்பக் கடுமையாத்தான் எழுதியிருக்கார். வினாத்தாள்ல போட்டிருந்த விடை ஏன் என்னை உறுத்துச்சுன்னு இப்பப் புரியும்னு நினைக்கிறேன். கையில முயல் இருந்துச்சு, எல்மர் இருந்தான், பிளாங்க் இருந்தார், எல்லாம் இருந்தும் 1940 மார்ச்ல பக்ஸ் பன்னி இன்னும் பொறக்கல.

நாலு மாசம் கழிச்சு

1940 ஜூலை 27, 'எ வைல்ட் ஹேர்' வெளியாகுது, டைரக்‌ஷன் டெக்ஸ் ஏவரி. எட்டு நிமிஷப் படம். எல்மர் ஃபட் துப்பாக்கியோட பூனை நடை நடந்து வருவான், நம்ம பக்கம் திரும்பி சத்தம் போடாதீங்க, நான் முயல் வேட்டைக்கு வந்திருக்கேன்னு கிசுகிசுப்பான். அவனுக்கு ரகரம் லகரம் ரெண்டும் வராது, எல்லாமே வகரமா குழையும், அந்தக் குரல் ஆர்தர் க்யூ. பிரையன். ஒரு வளையைக் கண்டுபிடிச்சு வாசல்ல ஒரு கேரட்டை வச்சுட்டு மறைஞ்சு நிப்பான்.

இப்ப ஏவரி என்ன பண்றாருன்னு பாருங்க. முயலைக் காட்ட மாட்டார், கையை மட்டும் காட்டுவார். வெள்ளை கிளவ்ஸ் போட்ட ஒரு கை மெதுவா வெளிய வந்து, விரலாலயே நடந்து, தரையைத் தடவி, கேரட்டைத் தொட்டு எடுத்துட்டு உள்ள போயிடும். திரும்ப வந்து தடவும்போது துப்பாக்கிக் குழாய் தட்டுப்படும். முகமே தெரியாம வெறும் விரல்லயே ஒரு ஆளோட குணம் தெரிஞ்சிடுது. அவசரம் இல்ல, பயம் இல்ல, ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டு வாசல்ல என்ன கிடக்குதுன்னு பாக்குற தோரணை. அப்புறம் எல்மர் வளையை வெறித்தனமா தோண்டிட்டு இருப்பான், அவன் முதுகுக்குப் பின்னாடி இன்னொரு வளையில இருந்து முயல் சாவகாசமா வெளிய வந்து, கேரட்டைக் கடிச்சுக்கிட்டே கேக்கும்: "வாட்ஸ் அப், டாக்?"

இந்த இடத்துல தியேட்டர் அதிர்ந்துச்சுன்னு ஏவரி பின்னாடி பேட்டியில சொல்லியிருக்கார். ஏன் அதிர்ந்துச்சு? வசனத்துல ஒரு ஜோக்கும் கிடையாது. டெக்ஸாஸ்ல டல்லஸ் நகரத்துல ஏவரி படிச்ச ஹைஸ்கூல்ல பசங்க ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் விசாரிச்சுப்பாங்க, நம்ம ஊர்ல "என்ன மச்சி, என்ன சேதி"ன்னு கேக்குற மாதிரி. ஆனா துப்பாக்கி வச்சிருக்குறவன்கிட்ட அவன் கொல்ல வந்த பிராணி வந்து அப்படிக் கேக்குது. ஜனங்க எதிர்பாத்தது என்ன, முயல் அலறும், ஓடும், இல்லன்னா வாத்து மாதிரி கிறுக்குத்தனம் பண்ணும். இது எதுவுமே பண்ணாம நின்னு குசலம் விசாரிச்சுச்சு.

இதைத்தான் நான் அந்த நொடின்னு சொன்னேன். புதுசா எதையும் சேர்க்கல, எடுத்துட்டாங்க. பறக்குற காது போச்சு, தாவல் போச்சு, அந்தச் சிரிப்பு போச்சு. ரெண்டு வருஷமா பெரும்பாலும் முயலுக்கு இன்னும் வேகம், இன்னும் கலாட்டான்னு ஏத்திக்கிட்டே போனாங்க, ஏவரி எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு அதை நிக்க வச்சார். எனக்கு இதுல பெரிய ஆச்சரியம் என்னன்னா அந்த வெறித்தனத்தை டாஃபி மூலமா கிளப்பிவிட்டதே இதே ஏவரிதான், கிளப்பி மூணு வருஷம் சொச்சத்துல அதுக்கு நேர் எதிரா ஒண்ணைச் செய்யறார். கைதட்டல் வாங்கிக் கொடுத்த ஒரு விஷயத்தை கையில இருந்து கீழ போட எத்தனை பேருக்கு மனசு வரும்? ஏவரின்னாலே கண்ணு பிதுங்குற, தாடை தரையில விழுற கார்ட்டூன்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், பின்னாடி எம்ஜிஎம் ஸ்டுடியோவுல அவர் எடுத்தது அப்படித்தான், அதனாலயே இந்த நிதானம் அவர் கண்டுபிடிச்சதுங்கறதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

படத்துல அடுத்து வர்ற சீனும் இதே மண்ணுதான். முயல்னா எப்படி இருக்கும்னு பக்ஸ் கேப்பான், எல்மர் நீளக் காது, பஞ்சு வாலுன்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல பக்ஸ் அதையெல்லாம் தன் உடம்புலயே காட்டிக்கிட்டே போவான். கடைசியில எல்மர் நம்மகிட்ட திரும்பி இவன் முயல்தான் போலிருக்குன்னு ரகசியம் சொல்லுவான். எல்மரைச் சுடச் சொல்லி வாய்ப்பு கொடுத்து, குண்டு பட்ட மாதிரி நடிச்சு, அவனைக் கதறி அழ வச்சு, அவன் அழறப்பவே எந்திரிச்சு வந்து உதைக்கிற சீனும் இதுலயே இருக்கு. இங்க வேட்டைக்காரன் அவனா வந்தவன், முயல் அதோட வீட்டுல இருந்துச்சு. கேமராவோட வந்த எல்மரைச் சீண்டினப்போ வராத பிரியம் இப்ப வந்துடுது. இந்த நியாயத்தை ஜோன்ஸ் பிற்காலத்துல சட்டமாவே வச்சுக்கிட்டார், அவரோட படங்கள்ல பக்ஸ் தன் பாட்டுக்கு இருப்பான், யாராவது வந்து வம்பிழுத்தாதான் பதில் கொடுப்பான்.

சில்லறை சில்லறையா சேர்ந்தது

உருவம் இந்தப் படத்துக்காகவே மறுபடி மாறுச்சு. தோர்சன் வரைஞ்சது ரொம்ப க்யூட்டா இருக்குன்னு ஏவரிக்குத் தோணுச்சு, பாப் கிவன்ஸ்கிட்ட புது மாடல் ஷீட் கேட்டார். கிவன்ஸ் வரைஞ்ச சாம்பல் நிற முயல் ஒல்லியா, உயரமா, முதுகை நிமித்தி நிக்கும். நிமிந்து நிக்கிற உடம்புல இருந்துதான் அந்த தெனாவட்டு வருது, உருண்டையான குட்டி முயல் "என்னய்யா விஷயம்"னு கேட்டா யாருக்கும் உறைக்காது. 1943ல ராபர்ட் மெக்கிம்சன் அதை இன்னும் செதுக்கினார், இன்னிக்கு டி-ஷர்ட்டுல பாக்குற முகம் பெரும்பாலும் மெக்கிம்சன் போட்ட கோடுதான்.

கேரட் விஷயத்துக்கு 1934ல வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தைச் சொல்லணும். கிளார்க் கேபிள் வேலியில சாஞ்சுக்கிட்டு கேரட்டைக் கடிச்சு வாயில வச்சுக்கிட்டே கடகடன்னு பேசுவார். அன்னிக்கு அமெரிக்காவுல அந்தப் படத்தைப் பாக்காத ஆளே கிடையாதுன்னு சொல்லலாம், அதனால முயல் கேரட்டோட பேசும்போது ஜனங்களுக்கு உடனே அந்த ஸ்டைல் ஞாபகம் வந்திருக்கும். நமக்கு இப்ப அது வெறும் முயலோட தீனி, அவங்களுக்கு அது ஒரு ஹீரோவோட தெனாவட்டு. இதுக்கு ஒட்டுன மாதிரி இன்னொண்ணு: அந்த ஜூலை படத்துல பக்ஸ் எல்மரோட கண்ணைப் பொத்தி யாருன்னு சொல்லுன்னு விளையாடுவான், எல்மர் நடிகைங்க பேரா சொல்லுவான், அதுல ஒண்ணு கேரல் லொம்பார்ட், கேபிளோட மனைவி. 1942 ஜனவரியில லொம்பார்ட் விமான விபத்துல இறந்துட்டாங்க, மறுவெளியீட்டுல அந்தப் பேரை எடுத்துட்டு பார்பரா ஸ்டான்விக்னு டப் பண்ணாங்க. சிரிக்கிறதுக்காக எடுத்த எட்டு நிமிஷத்துக்குள்ள இப்படி ஒரு இழப்போட தழும்பு இருக்கு, அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த சீனை என்னால பழையபடி பாக்க முடியல.

குரல்ல பிளாங்க் பண்ணினதும் ஏவரி பண்ணினதுக்கு சமம்தான். பட்டிக்காட்டு இழுவையை விட்டுட்டு நியூயார்க்கோட புரூக்ளின், பிராங்க்ஸ் பேச்சைக் கலந்து எடுத்தார், தெருமுனையில நின்னு வளர்ந்தவன் பேசுற பேச்சு, யாருக்கும் மசியாத பேச்சு. கேரட் கடிக்கிற சத்தத்துக்கு நிஜக் கேரட்டையேதான் கடிச்சார், வேற காய்கறி எதுலயும் அந்தச் சத்தம் வரல, மென்னு முழுங்கிட்டு வசனம் பேச நேரம் இருக்காதுன்னு கடிச்சதைத் துப்பிடுவார். அவருக்கு கேரட் ஒத்துக்காதுன்னு ரொம்ப வருஷமா ஒரு கதை சுத்துது, அது உண்மை இல்ல.

'எ வைல்ட் ஹேர்' ஆஸ்கருக்குப் போச்சு, கிடைக்கல. அதே வருஷம் அதே பிரிவுல போட்டியில இருந்த இன்னொரு படம் டாம் அண்ட் ஜெர்ரியோட முதல் படம், அதுக்கும் கிடைக்கல, ரெண்டையும் தாண்டி எம்ஜிஎம்மோட 'தி மில்கி வே' ஜெயிச்சுச்சு. பக்ஸ் பன்னிங்கற பேரு திரையில முதல்ல வந்தது 1941 ஜனவரியில, ஜோன்ஸ் எடுத்த 'எல்மர்ஸ் பெட் ரேபிட்'ல. ஏவரி முயலை வச்சு எடுத்தது மொத்தமே நாலு படம்தான். 1941லயே 'தி ஹெக்ளிங் ஹேர்' படத்தோட முடிவை வெட்டினது சம்பந்தமா தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கரோட தகராறு வந்து கிளம்பிட்டார். பெத்துப் பேர் வாங்கின ஒரு வருஷத்துல பிள்ளையை விட்டுட்டுப் போன மாதிரி ஆகிடுச்சு, முயல் ஸ்டுடியோவோட சொத்து, கூட எடுத்துட்டுப் போக முடியாது.

பேருக்காக நடந்த சண்டை

ஏவரியோட யூனிட்டை அதே ஸ்டுடியோவுல இருந்த இன்னொரு டைரக்டர் பாப் கிளாம்பெட் எடுத்துக்கிட்டார். கிளாம்பெட்டோட பக்ஸ் படங்கள்ல ஒரு துள்ளல் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா 1975ல பக்ஸைப் பத்தி வந்த ஒரு டாக்குமென்டரியில கிளாம்பெட் சொன்னதைக் கேட்டு சக் ஜோன்ஸ் கொதிச்சுப் போயிட்டார், மத்தவங்க செஞ்சதையும் தான் செஞ்ச மாதிரி சொல்றார்னு அவருக்குக் கோபம். 1979ல ஜோன்ஸ் பழைய படங்களைத் தொகுத்து ஒரு முழுநீளப் படம் கொண்டு வந்தார், அதுல பக்ஸுக்கு அப்பாமார்கள்னு ஒரு பட்டியல் வரும், ஏவரி, ஃப்ரிஸ் ஃப்ரெலெங், மெக்கிம்சன்லாம் இருப்பாங்க, கிளாம்பெட் பேரு மட்டும் இருக்காது. கோபத்துல நியாயம் இருந்திருக்கலாம், ஆனா ஒருத்தரோட வேலையே இல்லாத மாதிரி பட்டியல் போடுறதை என்னால ஏத்துக்க முடியல, அது யாரு போட்டாலும் சரி.

இந்தச் சண்டை வந்ததுக்கு மூல காரணம் அந்த ஸ்டுடியோ பேரு போட்ட விதம்தான்னு நினைக்கிறேன். ஒரு படத்துல நாலஞ்சு அனிமேட்டர் வேலை பார்த்தாலும் டைட்டில்ல ஒரே ஒரு அனிமேட்டர் பேருதான் வரும், படத்துக்குப் படம் முறை வச்சு மாத்துவாங்க. 'எ வைல்ட் ஹேர்'ல விர்ஜில் ராஸ் பேரு வரும், கதைக்கு ரிச் ஹோகன் பேரு வரும். முயலையே வரைஞ்சு கொடுத்த கிவன்ஸ் பேரு கிடையாது. பிளாங்க் சம்பள உயர்வு கேட்டப்ப ஷ்லெசிங்கர் பணத்துக்குப் பதிலா டைட்டில்ல பேரு போடுறேன்னு சொன்னார், அப்படித்தான் குரலுக்கு அவர் பேரு தனியா வர ஆரம்பிச்சுச்சு, நல்ல விஷயம்தான். ஆனா மத்த குரல் கலைஞர்கள் பேரு வரல. எல்மரா பேசின பிரையன் 1959ல இறந்தார், எத்தனையோ படத்துல பேசியும் குரல்னு வர்ற இடத்துல பிளாங்க் பேரு மட்டும்தான். எல்மர் இல்லாம அந்த "வாட்ஸ் அப், டாக்?" யாரைப் பாத்துக் கேக்க முடியும்? செல் ஷீட்ங்கற கண்ணாடி மாதிரித் தாள்ல மை போட்டு வண்ணம் தீட்டின பெண்கள் ஒரு பெரிய கூட்டமே இருந்தாங்க, அவங்க பேரு எந்தப் படத்துலயும் வரல.

கிவன்ஸ் 2017 வரைக்கும் உயிரோட இருந்தார், 99 வயசு. தான் வரைஞ்ச ஒரு தாள் என்னவாச்சுன்னு கண்ணால பாத்துட்டுப் போற கொடுப்பினை அந்தக் கூட்டத்துல அவ்வளவு நாள் வேற யாருக்கும் கிடைக்கல. ஹார்டவே 1957லயே போயிட்டார். அவரோட முயல்ல இருந்து பேரு மட்டும்தான் பக்ஸ்கிட்ட மிஞ்சுச்சு, குணம் எதுவும் மிஞ்சல, ஆனாலும் அந்தப் பேரை நான் சின்ன விஷயமா நினைக்கல.

நேரம் கிடைச்சா 1938 படத்தையும் 1940 படத்தையும் அடுத்தடுத்து பாருங்க, ரெண்டும் சேர்த்து பதினஞ்சு பதினாறு நிமிஷம்தான். நடுவுல மார்ச் மாசத்து எல்மர் படத்தையும் சேர்த்துக்கிட்டா இன்னும் நல்லது. ஜூலை படத்துல அந்தக் கை வெளிய வர்ற இடத்தை மட்டும் சத்தத்தை மியூட் பண்ணிட்டு ஒரு தடவை பாருங்க.